எப்சிலான் எரிடானிக்கு எத்தனை கோள்கள்? ஏன் ஆளுக்கொரு கணக்கு?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். எப்சிலான் எரிடானி என்ற ஆரஞ்சு நிற நட்சத்திரம் நமக்கு வெறும் பத்தரை ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு கோள் என்று ஒரு புத்தகம் சொல்கிறது, இரண்டு என்று இன்னொன்று, எதுவுமே உறுதியில்லை என்று மூன்றாவது. ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் கோள்களையெல்லாம் வரிசையாக எண்ணிச் சொல்கிறவர்களுக்கு அடுத்த வீட்டுக் கோளை எண்ணத் தெரியாதா? அப்புறம், ஆரஞ்சுக் குள்ளன்கள்தான் உயிருக்கு மிகவும் உகந்தவை என்று ஒரு காணொளியில் பார்த்தீர்கள். அப்படியானால் அங்கே உயிர் இருக்க வாய்ப்பு உண்டா? மேலோட்டமாகப் பார்த்தால் இது எண்ணிக்கை பற்றிய கேள்வி. ஆனால் யாரும் கண்ணால் பார்க்காத ஒரு கோளை எந்தத் தைரியத்தில் "இருக்கிறது" என்கிறார்கள் என்பதுதான் உங்கள் உண்மையான சந்தேகம் என்று எனக்குப் படுகிறது. நல்ல சந்தேகம். இந்த நட்சத்திரத்தைப் பொறுத்தவரை வானியலாளர்களே இருபது ஆண்டுக்கு மேல் அதே சந்தேகத்தோடுதான் இருந்தார்கள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்குப் பதிலை இப்போதே சொல்லிவிடலாம். வியாழனை ஒத்த ஒரு பெரிய கோள் இருக்கிறது, அதில் இன்று பெரிய சண்டை இல்லை. இரண்டாவது கோள் ஊகம். பூமி மாதிரி ஒன்று இருப்பதற்கு ஆதாரம் இல்லை, இல்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை. இனி நிதானமாக.

என் பின்னணியையும் சொல்லிவிட வேண்டும். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது இளம் நட்சத்திரங்களின் நிறமாலை. அதன் பிறகு பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்துகிறேன். ஒரு கோளையும் நான் கண்டுபிடித்ததில்லை. கோள் இருப்பதுபோல நடிக்கும் நட்சத்திரங்களோடு சில ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். கீழே நிறமாலை பற்றி வருவது நான் கைப்பட வேலை பார்த்த விஷயம். தூசி வளையங்கள் பற்றி வருவது பிறர் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டது.

முதலில் ஆளைப் பார்த்துவிடுங்கள், தொலைநோக்கி வேண்டாம். மார்கழி, தை மாதங்களில் இரவு எட்டு மணி வாக்கில் தமிழ்நாட்டில் இது தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும். கிழக்கே ஓரியன் எழும்பியிருக்கும். அதில் சிவப்பாக இருப்பது நம் திருவாதிரை. அதற்கு எதிர்மூலையில் நீலவெள்ளையாக மின்னுவது ரைஜல். ரைஜலிலிருந்து நேர் மேற்கே, கையை முழுக்க நீட்டி ஒரு சாண் விரித்தால் வரும் தூரத்துக்குச் சற்றே கூடுதலாகப் போங்கள். ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் இரண்டு நட்சத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலில் வருவது டெல்டா எரிடானி, அடுத்து மேற்கே இருப்பது நம்முடையது. பிரகாச அளவு 3.7 என்பதால் சென்னை நடுவில் நின்று தேடினால் கிடைப்பது கஷ்டம், ஊர்ப்பக்கம் போனால் சுலபம். வெறும் கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களில் ஆல்ஃபா சென்டாரி, சிரியஸ் இரண்டுக்கும் அடுத்தபடி நமக்கு நெருக்கமானது இதுதான். நீங்கள் பார்க்கும் அந்த ஒளி, இன்று ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை பிறந்த நேரத்தில் அங்கிருந்து கிளம்பியது.

"குள்ளன்" என்ற சொல் பலரைக் குழப்பிவிடுகிறது. வானியலில் சூரியனும் குள்ளன்தான், மஞ்சள் குள்ளன். நடுவில் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டு நிதானமாக இருக்கும் எல்லா நட்சத்திரங்களுக்கும் அந்தப் பெயர். எப்சிலான் எரிடானியின் நிறை சூரியனில் சுமார் 82 சதவீதம், விட்டம் முக்கால் பங்கு, ஒளி மூன்றில் ஒரு பங்கு. மேற்பரப்பு சூரியனை விட எழுநூறு டிகிரி அளவுக்குக் குளிர்ச்சி. அதனால்தான் ஆரஞ்சுச் சாயல். மற்றபடி சூரியனின் தம்பி என்று சொல்லலாம். வயதிலும் தம்பிதான். சூரியனுக்கு 460 கோடி ஆண்டு ஆகிறது என்றால், இதற்குப் பெரும்பாலான மதிப்பீடுகள் தருவது 40 கோடி முதல் 80 கோடி ஆண்டு. நட்சத்திர வயது என்பது எப்போதுமே கொஞ்சம் வழுக்கலான எண். ஆனால் இளசு என்பதில் ஐயமில்லை. இந்த இளமைதான் எல்லாத் தகராறுக்கும் மூலம்.

கோள் நட்சத்திரத்தைச் சுற்றுகிறது என்று சொல்கிறோமே, உண்மையில் இரண்டும் ஒரு பொதுவான புள்ளியைச் சுற்றுகின்றன. ஒரு பெரியவர் குழந்தையின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றினால், குழந்தை பெரிய வட்டத்தில் போகும், பெரியவரும் நின்ற இடத்திலேயே லேசாகத் தள்ளாடுவார். குழந்தை நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பெரியவரின் தள்ளாட்டத்தை வைத்து அது இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வியாழன் இழுக்கும் இழுப்பில் சூரியன் நொடிக்கு 12.5 மீட்டர் வேகத்தில் அங்குமிங்கும் போய்வருகிறது. ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 12 ஆண்டு. பூமியின் இழுப்புக்குச் சூரியன் ஆடுவது நொடிக்கு 9 சென்டிமீட்டர்தான், எறும்பு கொஞ்சம் அவசரமாக ஓடுகிற வேகம். நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப்பக்கமும் விலகும்போது சிவப்புப்பக்கமும் மயிரிழை நகரும். அந்த நகர்வை ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டே போனால் ஆட்டத்தின் கால அளவும் கோளின் குறைந்தபட்ச நிறையும் கிடைத்துவிடும். எப்சிலான் எரிடானியின் கோள் தன் நட்சத்திரத்தை ஆட்டும் வேகம் நொடிக்குச் சுமார் 11 மீட்டர். அதாவது மணிக்கு 40 கிலோமீட்டர், டவுன் பஸ் வேகம். அதை நூறு லட்சம் கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அளக்க வேண்டும். பிரமிப்பாக இருக்கலாம், ஆனால் இன்றைய கருவிகளுக்கு நொடிக்கு ஒரு மீட்டரையே பிடிக்கத் தெரியும். சிக்கல் கருவியில் இல்லை.

சிக்கல் நட்சத்திரத்தின் முகத்தில் இருக்கிறது. சூரியனில் கரும்புள்ளிகள் வருவது உங்களுக்குத் தெரியும். இளம் நட்சத்திரத்தில் அவை பெரிதாகவும் நிறையவும் வரும், ஏனென்றால் அது வேகமாகச் சுழலும், காந்தப்புலம் வலுவாக இருக்கும். சூரியன் ஒருமுறை தன்னைத்தானே சுற்ற 25 நாளுக்கு மேல் எடுக்கும். எப்சிலான் எரிடானிக்கு 11 நாள் சொச்சம் போதும். சுழலும் நட்சத்திரத்தில் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகிறது, எதிர் விளிம்பு விலகுகிறது. நம்மை நோக்கி வரும் பாதியில் ஒரு பெரிய கரும்புள்ளி உட்கார்ந்தால் அந்தப் பாதியின் ஒளி குறையும். மொத்த ஒளியில் விலகும் பாதியின் பங்கு தூக்கலாகிவிடும். நிறமாலையைப் பார்த்தால் நட்சத்திரமே விலகிப் போவதுபோல இருக்கும். சில நாள் கழித்துப் புள்ளி அடுத்த பாதிக்கு வந்ததும் நட்சத்திரம் நம்மை நோக்கி வருவதுபோல ஆகிவிடும். நட்சத்திரம் நின்ற இடத்தில் நிற்கிறது, நம் தரவில் மட்டும் தள்ளாட்டம். இந்த நட்சத்திரத்தில் இப்படி வரும் பொய்யாட்டம் நொடிக்குச் சுமார் பத்து மீட்டர். தேடும் கோளின் ஆட்டமும் கிட்டத்தட்ட அதே அளவு. சந்தைக்கூச்சலுக்கு நடுவில் ஒருவர் அதே குரலில் பாடுவதைத் தனியாகப் பிரித்துக் கேட்க வேண்டிய நிலை.

இதில் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். மாணவனாக இருந்தபோது வேறொரு இளம் நட்சத்திரத்தின் தரவில் ஒன்பது நாள் கால அளவில் அருமையான ஆட்டம் கிடைத்தது. மூன்று நாள் தூங்கவில்லை. கோளின் நிறையைக் கணக்கிட்டு, வரைபடம் போட்டு, வழிகாட்டியிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் வரைபடத்தைப் பார்க்கக்கூட இல்லை. "நட்சத்திரம் எத்தனை நாளில் சுத்துது?" என்று மட்டும் கேட்டார். ஒன்பது நாள். அடுத்த ஆண்டுத் தரவில் அந்த "கோள்" தன் கட்டத்தை மாற்றிக்கொண்டு வேறு இடத்தில் நின்றது. புள்ளிகள் அழிந்து புதிய இடத்தில் முளைத்திருந்தன. கோள் என்றால் சொன்ன நேரத்துக்கு வந்தாக வேண்டும், அது மனம் மாறாது.

எப்சிலான் எரிடானியின் கதையும் இதுதான், கொஞ்சம் நீளமாக. கனடாவைச் சேர்ந்த புரூஸ் கேம்ப்பெல், கார்டன் வாக்கர், ஸ்டீவன்சன் யாங் மூவரும் 1980-களில் ஹவாயில் உள்ள தொலைநோக்கியில் அருகிலுள்ள நட்சத்திரங்களின் வேகத்தை அளந்துவந்தார்கள். ஒப்பீட்டு அளவுகோலாக அவர்கள் ஒளியின் பாதையில் வைத்தது ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயு நிரப்பிய கலம். கசிந்தால் எலும்புவரை அரிக்கும் வாயு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கும்பிடு. 1988-ல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளில், கோள் இருக்கலாம் என்ற ஐயத்துக்கு இடம் தந்த நட்சத்திரங்களில் இதுவும் ஒன்று. அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. 2000 ஆகஸ்டில் மான்செஸ்டரில் நடந்த பன்னாட்டு வானியல் ஒன்றியக் கூட்டத்தில் ஆர்ட்டி ஹாட்ஸெஸ் தலைமையிலான குழு அறிவித்தது: பல தொலைநோக்கிகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஏறத்தாழ ஏழு ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் ஒரு கோள் தெரிகிறது, வியாழன் அளவு நிறை. செய்தித்தாள்கள் கொண்டாடின. துறைக்குள் பலர் புருவம் உயர்த்தினார்கள். இவ்வளவு அமளியான நட்சத்திரத்தில் ஏழு ஆண்டு ஆட்டம் என்பது சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி போன்ற ஒரு காந்தச் சுழற்சியாகவே இருந்துவிட்டால்?

2006-ல் ஹபிள் தொலைநோக்கியின் அளவீடுகளையும் சேர்த்து ஒரு குழு கணக்கிட்டபோது கோளின் நிறை வியாழனைப் போல ஒன்றரை மடங்கு வந்தது. பாதையோ வால்மீன் பாதை மாதிரி நீண்டு ஒடுங்கிய நீள்வட்டம். அந்தப் பாதையில் போனால் கோள் நட்சத்திரத்துக்கு ஒரு வானியல் அலகு வரை நெருங்கிவந்து, பிறகு ஆறு வானியல் அலகு வரை விலகிப் போக வேண்டும். ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம். இரண்டே ஆண்டில் இதற்கு இடைஞ்சல் வந்தது. 2008-ல் ஸ்பிட்சர் விண்தொலைநோக்கியின் அகச்சிவப்புத் தரவை ஆராய்ந்தவர்கள், நட்சத்திரத்திலிருந்து சுமார் மூன்று வானியல் அலகு தூரத்தில் ஒரு சிறுகோள் பட்டை இருப்பதாகச் சொன்னார்கள். அந்த நீள்வட்டக் கோள் சுற்றுக்கு இரண்டுமுறை அந்தப் பட்டையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போயாக வேண்டும். அப்படி நடந்தால் பட்டை நிலைக்காது. கோளின் பாதை தப்பு, அல்லது பட்டை தப்பு, அல்லது கோளே இல்லை. நீங்கள் படித்த மூன்றாவது புத்தகம் இந்தக் காலத்து மனநிலையில் எழுதப்பட்டதாக இருக்கலாம். அடுத்த சில ஆண்டுகளில் புதிய தரவை வைத்துப் பார்த்த சிலரும் அந்தச் சமிக்ஞை ஐயத்துக்குரியது என்றே எழுதினார்கள்.

இதைத் தீர்த்துவைத்தது பொறுமைதான். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் கோளை நம்ப வேண்டுமானால் அது மூன்று நான்கு சுற்று போவதைப் பார்க்க வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது. 2019-ல் டிமித்ரி மாவே தலைமையிலான குழு முப்பது ஆண்டுக்கால வேக அளவீடுகளை ஒன்றாக அடுக்கியது. ஏழேகால் ஆண்டு சொச்சத்தில் வரும் ஆட்டம் முப்பது ஆண்டாகக் கட்டம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. இன்னொரு சோதனையும் உண்டு. நட்சத்திரத்தின் காந்த அமளி கூடும்போது நிறமாலையில் கால்சியத்தின் இரண்டு கோடுகளின் நடுவே ஒளி கூடும். இந்த அளவீடு இந்த நட்சத்திரத்துக்கு 1960-களின் பிற்பகுதியிலிருந்தே இருக்கிறது. அதில் கிடைத்த சுழற்சிகள் சுமார் 3 ஆண்டும் 13 ஆண்டும். ஏழு ஆண்டுச் சுழற்சி எதுவும் இல்லை. ஆட்டம் நட்சத்திரத்தின் சொந்தச் சேட்டையாக இருந்தால் கால்சியமும் அதே தாளத்துக்கு ஆடியிருக்க வேண்டும். என்னைப் போன்ற சந்தேகப் பிராணிகளை மாற்றியது இந்த ஒப்பீடுதான்.

அடுத்து முற்றிலும் வேறு வகையான சாட்சி ஒன்றும் கிடைத்தது. ஹிப்பார்கஸ் விண்கலம் 1990-களின் தொடக்கத்தில் நட்சத்திரங்களின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் குறித்தது. கையா விண்கலம் கால் நூற்றாண்டு கழித்து அதே வேலையை இன்னும் துல்லியமாகச் செய்தது. இரண்டையும் ஒப்பிட்டால் நட்சத்திரம் வானத்தில் நேர்கோட்டில் போகிறதா, லேசாக வளைந்து போகிறதா என்று தெரியும். கோளின் இழுப்பால் எப்சிலான் எரிடானி பக்கவாட்டில் நகரும் அளவு எவ்வளவு தெரியுமா? டெல்லியில் நிற்கும் ஒருவர் ஒரு சட்டைப் பொத்தானின் அகலத்துக்கு நகர்ந்ததைச் சென்னையிலிருந்து அளப்பது மாதிரி. 2021-ல் இந்த இருப்பிடத் தரவையும் வேகத் தரவையும் சேர்த்துச் செய்த கணக்கில் கோளின் நிறை வியாழனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்று வந்தது. பிந்தைய கணக்குகளில் வியாழனுக்குச் சமம் என்றும் வருகிறது. இந்த வரம்புக்குள் எண் இன்னும் அசையும், அதனால் தசமப்புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போட்டு யாராவது சொன்னால் ரொம்பவும் நம்பிவிடாதீர்கள். சுற்றும் காலம் ஏழேகால் ஆண்டு, தூரம் சுமார் 3.5 வானியல் அலகு, இவை இரண்டும் உறுதியான எண்கள். பாதையின் வடிவம் இன்னும் விவாதத்தில் இருந்தாலும் பழைய ஒடுங்கிய நீள்வட்டம் கைவிடப்பட்டுவிட்டது, வட்டத்துக்கு நெருக்கம் என்பதே இன்றைய சாய்வு. சிறுகோள் பட்டையோடு இருந்த பழைய பகையும் இதனால் பெருமளவு தணிந்துவிட்டது.

இதற்கு நடுவில், கோள் உறுதியாவதற்கு முன்பே, பெயர் சூட்டுவிழா நடந்து முடிந்துவிட்டது. 2015-ல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் நடத்திய பொதுமக்கள் வாக்கெடுப்பில் நட்சத்திரத்துக்கு ரான் என்றும் கோளுக்கு ஏகிர் என்றும் பெயர் வைத்தார்கள். நார்ஸ் புராணத்தில் ஏகிர் கடலின் தலைவன், ரான் அவன் மனைவி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பள்ளி மாணவர்கள் முன்மொழிந்த பெயர்கள். அழகான பெயர்கள்தான், ஆனால் துறையில் யாரும் பேச்சில் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

"சரி, நேராகப் படம் பிடித்துக் காட்ட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். மாவே குழு கெக் தொலைநோக்கியில் நட்சத்திரத்தின் ஒளியை மறைத்துவிட்டு அதையும் முயன்றது. கோள் சிக்கவில்லை. சிக்காததே ஒரு தகவல்தான். கோள் இன்னும் கனமாகவோ இன்னும் இளமையாகவோ இருந்திருந்தால் சூட்டில் ஒளிர்ந்து மாட்டியிருக்கும். இதே வகை நட்சத்திரம் ஒன்றில் இந்த முயற்சி பலித்திருக்கிறது. எப்சிலான் இண்டி என்று பெயர், 12 ஒளியாண்டு தூரத்தில் உள்ள இன்னொரு ஆரஞ்சுக் குள்ளன். 2024-ல் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி எடுத்த அதன் கோளின் நேரடிப் படம் வெளியானது. அந்தக் கோள் வியாழனைப் போல ஆறு மடங்கு நிறை, வெப்பநிலை ஏறத்தாழ உறைநிலை. பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் இணையத்தில் இரண்டையும் குழப்பி, எப்சிலான் எரிடானியின் கோளைப் படமெடுத்துவிட்டதாக எழுதுகிறவர்கள் உண்டு. கவனம்.

இப்போது இரண்டாவது கோளுக்கு வருவோம். இது என் துறைக்கு வெளியே போகிறது. 1980-களில் ஐராஸ் விண்கலம் இந்த நட்சத்திரத்தைச் சுற்றிக் குளிர்ந்த தூசி இருப்பதைக் காட்டியது. 1998-ல் ஹவாயின் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கி அதை ஒரு வளையமாகவே படமெடுத்தது. நட்சத்திரத்திலிருந்து சுமார் 70 வானியல் அலகு தூரத்தில், நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பாறைகள் சுற்றும் நம் கைப்பர் பட்டையின் பெரிய பதிப்பு மாதிரி. அந்த வளையத்தில் அங்கங்கே கட்டிகள் தெரிந்தன. உள்ளே சுமார் 40 வானியல் அலகு தூரத்தில், 280 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் ஒரு கோள் இருந்தால் தூசி இப்படித் திரளும் என்று 2002-ல் ஒரு கணினி மாதிரி காட்டியது. பட்டியல்களில் ஏறிய இரண்டாவது கோள் இதுதான். யாரும் அதன் இழுப்பை அளக்கவில்லை. கோள் இருந்தால் இப்படித் திரளலாம் என்பதிலிருந்து, திரண்டிருக்கிறது ஆகவே கோள் இருக்கிறது என்று தாவியது சில பட்டியல்களின் தப்பு, அந்த ஆய்வாளர்களின் தப்பு அல்ல.

அந்தக் கட்டிகளிலும் வில்லங்கம் உண்டு. சில, வளையத்துக்குப் பின்னால் பல கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் விண்மீன் மண்டலங்களாக இருக்கலாம். நல்லவேளை, இந்த நட்சத்திரம் நமக்கு அருகில் இருப்பதால் வானத்தில் ஆண்டுக்கு ஒரு நொடிக்கோணம் (ஒரு பாகையை 3600 ஆகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு) என்ற கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வளையமும் கூடவே நகரும், பின்னணி மண்டலங்கள் நகராது. பத்திருபது ஆண்டு இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டால் எது வளையத்தின் சொத்து, எது பின்னணி என்று பிரிந்துவிடும். அப்படிப் பிரித்ததில் பழைய கட்டிகளில் சில பின்னணி என்று ஆனது. ஆனால் சிலியின் அல்மா தொலைநோக்கி வரிசையை வைத்து 2023-ல் வெளியான ஆய்வு, வளையத்தில் உண்மையாகவே திரட்சிகள் இருப்பதாகச் சொல்கிறது. ஆக, வெளியே இன்னொரு கோள் இருப்பதற்கான முகாந்திரம் மறுபடி கொஞ்சம் வலுத்திருக்கிறது. முகாந்திரம் என்ற சொல்லுக்கு மேல் நான் போக மாட்டேன்.

எனவே புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறுவது யாருடைய அலட்சியத்தாலும் அல்ல. உள்பக்கத்தில் அச்சான ஆண்டைப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். ஆயிரம் ஒளியாண்டுக் கோள்களோடு நீங்கள் செய்த ஒப்பீட்டுக்கும் பதில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை நட்சத்திரத்தின் முன்னால் குறுக்கே போய் அதன் ஒளியைக் குறைத்தபோது மாட்டியவை. அதற்குத் தூரம் முக்கியமில்லை, சாய்வுதான் முக்கியம். எப்சிலான் எரிடானியின் தூசி வளையத்தை நாம் விளிம்பில் இருந்து பார்க்கவில்லை, மேலிருந்து ஓரளவு சாய்வாகப் பார்க்கிறோம். கோள்களும் அதே தளத்தில் சுற்றினால் எதுவுமே நம் பார்வைக்குக் குறுக்கே வராது. பக்கத்து வீடுதான், ஜன்னல் மட்டும் வேறு பக்கம்.

நட்சத்திரத்தின் பொய்யாட்டத்தைக் கோள் என்று நம்பிவிடக்கூடாது என்ற எச்சரிக்கை எவ்வளவு தேவை என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. ரைஜலிலிருந்து மேற்கே போகும்போது வழியில் 40 எரிடானி என்று இன்னொரு ஆரஞ்சுக் குள்ளன் உண்டு, 16 ஒளியாண்டு தூரம். ஒரு புகழ்பெற்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கற்பனைக் கோளுக்கு அதுதான் சூரியன் என்பதால் ரசிகர்களுக்கு அதன் மேல் தனிப் பாசம். 2018-ல் அங்கே 42 நாளில் சுற்றும் ஒரு கோளைக் கண்டதாக அறிவிப்பு வந்தபோது உலகமே குதூகலித்தது. கண்டவர்கள், நட்சத்திரமும் ஏறக்குறைய அதே நாள்கணக்கில்தான் சுழல்கிறது என்பதைக் கட்டுரையிலேயே நேர்மையாகச் சொல்லியிருந்தார்கள். 2024-ல் இன்னும் நுட்பமான கருவியால் பார்த்தபோது கோள் இல்லை, நட்சத்திரத்தின் மேற்பரப்புச் சலனமே என்று முடிந்தது. என் ஒன்பது நாள் கோளுக்கு நடந்ததுதான் அதற்கும் நடந்தது.

கடைசியாக உயிர். காணொளியில் சொன்னது பொதுவாக நியாயமான வாதம்தான். சூரியனின் ஆயுள் ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டு என்றால், ஆரஞ்சுக் குள்ளன்கள் அதைவிட நீண்டகாலம் நிதானமாக எரியும். செங்குள்ளன்கள் அளவுக்குத் தீப்பிழம்பு கக்கிப் பக்கத்துக் கோள்களை வறுக்கவும் மாட்டா. ஆனால் இது நடுவயது ஆரஞ்சுக் குள்ளனுக்குப் பொருந்தும் பேச்சு. எப்சிலான் எரிடானி இன்னும் விடலை. அது கக்கும் நட்சத்திரக் காற்று சூரியனுடையதைப் போல சுமார் முப்பது மடங்கு என்பது ஒரு மதிப்பீடு. தூசி அவ்வளவு இருக்கிறது என்றால் அதை உண்டாக்கும் பாறைகளும் பனிக்கட்டிகளும் இன்னும் மோதிக்கொண்டே இருக்கின்றன என்று அர்த்தம். நம் பூமி அந்த வயதில் இருந்தது 400 கோடி ஆண்டுக்கு முன். கேள்விக்கு இடமில்லாத உயிர்த்தடயங்கள் பூமியிலேயே சுமார் 350 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில்தான் கிடைக்கின்றன. அதனால் அங்கே இன்று மரம் செடி கொடி என்று எதிர்பார்ப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. நுண்ணுயிர் பற்றிக் கேட்டால், முதலில் ஒரு பாறைக்கோளைக் கண்டுபிடித்துவிட்டுப் பேசலாம் என்பேன்.

அதுவும் லேசில் நடக்காது. பூமிக்குக் கிடைக்கும் அளவு வெயில் அங்கே கிடைக்க ஒரு கோள் 0.6 வானியல் அலகுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்க வேண்டும். அங்கே ஒரு ஆண்டு என்பது நம் ஆறு மாதம். அதன் இழுப்பில் நட்சத்திரம் ஆடுவது நொடிக்கு 13 சென்டிமீட்டர். நட்சத்திரத்தின் சொந்தப் பொய்யாட்டமோ பத்து மீட்டர். இப்போதைய வேகமுறையில் இதைப் பிரித்தெடுக்க முடியாது. இருப்பிட முறையிலோ நேரடிப் படத்திலோதான் என்றாவது விடை வரும்.

கேட்டுப் பார்க்கவும் செய்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 1960 ஏப்ரலில் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் ஃபிராங்க் டிரேக் 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியை இரண்டு நட்சத்திரங்களை நோக்கித் திருப்பி, 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அயலார் யாராவது பேசுகிறார்களா என்று காதுகொடுத்தார். ஒன்று டௌ செட்டி, மற்றது நம் எப்சிலான் எரிடானி. முதல் நாளே இதன் பக்கம் திருப்பியதும் பலத்த துடிப்புகள் கேட்டன. ஆடிப்போனார்கள். பிறகு அது பூமியைச் சேர்ந்தது, ஏதோ விமானத்தின் வேலை என்று தெரிந்தது. மொத்தம் 150 மணி நேர அளவுக்குக் கேட்டும் வேறொன்றும் கிடைக்கவில்லை. அப்போது அந்த நட்சத்திரத்தின் வயது இவ்வளவு குறைவு என்று தெரியாது. தெரிந்திருந்தால் வேறு நட்சத்திரத்தைத் தேர்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பின்குறிப்பில் "அங்கிருந்து பார்த்தால் நம் சூரியன் தெரியுமா" என்று கேட்டிருந்தீர்கள். நன்றாகவே தெரியும். சர்ப்பன்ஸ் என்ற பாம்பு வடிவ விண்மீன் கூட்டத்தில், துருவ நட்சத்திரத்தை விடச் சற்று மங்கலாக ஒரு கூடுதல் நட்சத்திரம். அங்கே யாராவது நம்மைப் போலவே வேகத்தை அளந்துகொண்டிருந்தால், முப்பது நாற்பது ஆண்டு உழைப்பில் அவர்களுக்கு வியாழன் கிடைப்பான். பூமி கிடைக்காது. வியாழன் சுற்றும் காலம் 11.9 ஆண்டு, சூரியப் புள்ளிகளின் சுழற்சி சுமார் 11 ஆண்டு என்பதால், "இது கோளே இல்லை, அந்த நட்சத்திரத்தின் சொந்தச் சேட்டை" என்று அவர்களிலும் ஒருவர் கட்டாயம் எழுதியிருப்பார்.